அப்பாவின் வெந்நீருக்கு ஆன செலவு

எங்கள் வீட்டில் அப்பா வெந்நீரில் குளிக்க வேண்டுமென்றால், அதற்கு முன்னால் அம்மா பச்சைத்தண்ணீரில் முழுகியாக வேண்டும். கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலையில் என்னோடு வேலை பார்த்தவர்களிடம் இதைச் சொன்னபோது, "இன்னாபா, ரீல் வுடுறியா?" என்றார்கள். ரீல் எல்லாம் இல்லை. மடிக்கணக்கு தெரிந்தால் உங்களுக்கே விளங்கிவிடும்.

அப்பா திருவள்ளூர்ப் பெருமாளுக்குக் கைங்கரியம் செய்கிறவர். சன்னிதிக்குள் போகிறவர் மடியாக இருக்க வேண்டும். அதாவது குளித்துவிட்டு, தனியாக உலர்த்திய வேஷ்டியைக் கட்டிக்கொண்டு, யார் மேலும் எதன் மேலும் படாமல் போக வேண்டும். குளிக்காதவன் விழுப்பு. விழுப்புக் கை இறைத்து வைத்த தண்ணீரில் குளித்தால் அந்த மடி செல்லாது. கோயில் குளத்தில் முழுக்குப் போடுகிறவருக்கு இந்த வம்பு கிடையாது. குளத்தை யாரும் விழுப்பாக்க முடியாது. அப்பா விடிவதற்கு முன்னால் குளத்தில் முழுகிவிட்டு நேரே கோயிலுக்குப் போவார். வெந்நீர் என்று வந்தால்தான் சிக்கல். மடியான ஒருவர் கிணற்றில் இறைத்து, அண்டாவில் ஊற்றி, அடுப்பு மூட்ட வேண்டும். வீட்டில் அந்த ஒருவர் அம்மாதான். அம்மா மடியாவதற்குக் குளத்தில் முழுக வேண்டும். அம்மாவுக்கு யார் வெந்நீர் வைப்பார்கள்?

அந்த வருஷம் ஐப்பசி மழையில் அப்பாவுக்கு இருமல் பிடித்தது. தீபாவளி போய்க் கார்த்திகையும் வந்தது, இருமல் போகவில்லை. ஊர் வியாதியெல்லாம் தீர்க்கிறவர் என்று பஸ் பஸ்ஸாக ஜனங்கள் தேடி வருகிற பெருமாள்; அவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு இருமுவது அப்பாவுக்குக் கூச்சமாகிவிட்டது. டாக்டர் நெஞ்சில் குழலை வைத்துப் பார்த்துவிட்டு, தை பிறக்கிற வரைக்கும் தலையில் குளிர்ந்த தண்ணீர் படவே கூடாது என்றார். வெந்நீரில் குளித்தால் கோயிலுக்குப் போகலாம், இல்லாவிட்டால் வீட்டோடு இருக்க வேண்டியதுதான்.

அந்த வருஷ மார்கழி விடியற்காலைச் சேவை எங்கள் வீட்டு முறை. அப்பாவால் முடியாவிட்டால் முறை சித்தப்பாவுக்குப் போய்விடும். சித்தப்பா என்றால் அப்பாவின் பங்காளி. அதே தெருவில் நாலைந்து வீடு தள்ளி இருந்தார். ஒரு தடவை கைமாறிய முறையை மறுபடி கேட்டு வாங்குவது லேசான காரியமில்லை. நானோ கிராப்பு வைத்துக்கொண்டு டிப்ளமா படித்து, பேசின் பிரிட்ஜில் ரயில் மாறி, அத்திப்பட்டு தாண்டி வேலைக்குப் போகிறவன். என்னைச் சன்னிதிப் பக்கம் யாரும் எதிர்பார்க்கவில்லை.

சித்தப்பா தினமும் வந்து, "இருமல் எப்படியிருக்கு அண்ணா?" என்று விசாரிப்பார். கெட்ட மனுஷர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அறுப்புக்கு ஆள் தேடுகிற குடியானவர் வரப்பில் நின்று நெல்லைப் பார்க்கிற மாதிரி ஓர் அக்கறை அந்தக் குரலில் இருக்கும்.

அம்மா தான் முழுகிவிட்டு வந்து வெந்நீர் வைப்பதாகச் சொன்னாள். அப்பா ஒப்பவில்லை.

"உன்னை நடுங்க விட்டுட்டு நான் சுகமா வெந்நீர் விட்டுக்கறதா? முறையை அவன்கிட்டக் கொடுத்துடலாம்."

சொல்லிவிட்டு அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை. ஒயரும் ஸ்விட்சும் உள்ள எதைப் பார்த்தாலும் திறந்து பார்க்கிற வயசு. ஹீட்டர் வாங்கிப் போடுகிறேன் என்றேன். சுவரில் மாட்டியிருக்கும், உள்ளே தண்ணீர் தானாக நிரம்பி நிற்கும், அடுப்பு வேண்டாம், புகை வேண்டாம், அம்மா எழுந்திருக்கவே வேண்டாம். மார்கழிக்குள் எல்லாம் தயார். அப்பா திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

பழைய ஸ்கூட்டர் ஒன்று வாங்கப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தேன். பாரிமுனையில் ஒரு கடையில் ஹீட்டருக்குப் பணம் கட்டியபோது, சேர்த்த பணத்தில் ஸ்கூட்டரின் எஞ்சின் போயிற்று. போகட்டும், இதோடு முடிந்தது என்று நினைத்தேன். கடைக்காரரும் அப்படித்தான் சொன்னார்: ஃபிட் பண்ணிவிட்டு ஸ்விட்சைப் போடுங்கள், வெந்நீர் வரும். மனுஷர் பொய்யே சொல்லவில்லை. 'ஃபிட் பண்ணிவிட்டு' என்பதற்குள் என்னென்ன இருக்கிறது என்று நானும் கேட்கவில்லை.

ரயிலில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். எதிரே கீரைக்கூடையோடு உட்கார்ந்திருந்தவர் பால் கேனா என்று கேட்டார். வெந்நீர் போடுகிறது என்றேன். நெருப்பை எங்கே வைப்பது என்றார். நெருப்பு வேண்டாம், கரண்டு என்றேன். கூடையைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டு, "அப்போ தண்ணி மேல ஊத்திக்கினா ஷாக் அடிக்காதா?" என்றார். அடிக்கும், அடிக்காது என்று பெட்டியே இரண்டாகப் பிரிந்து ஆவடி வரைக்கும் பேசிக்கொண்டு வந்தது. நான் அடிக்காத கட்சி. எங்கள் பக்கம் ஆள் குறைவு.

மணவாள நகரிலிருந்து ஒரு எலெக்ட்ரீஷியனை அழைத்து வந்தேன். குழாய் வேலையும் அவரே செய்வார். வீட்டுக்குள் நுழைந்து மீட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஹீட்டரைப் பார்த்தார்.

"இன்னா சாமி, ஒங்க ஊட்ல கீற ஒயரு கொசுவலை நூலு. இத்த மாட்டினா பெருமாளுக்கே இருட்டாப்பூடும்."

தடித்த ஒயர், தனி ஸ்விட்ச், மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து வாங்க வேண்டிய அனுமதி என்று ஸ்கூட்டரின் இரண்டு சக்கரமும் போயின. அப்புறம் எர்த் போட வேண்டும் என்றார். கொல்லையில் குழி வெட்டி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிக் கொட்டிக் கம்பியைப் புதைக்க வேண்டும். கரி கிடைத்தது. உப்புக்குக் குளத்தங்கரைக் கடைக்குப் போனேன். அரை மூட்டை உப்பு கேட்டேன்.

இங்கேதான் காரியம் கெட்டது. எங்கள் ஊரில் உடம்பு சரியில்லாதவர்கள் வேண்டிக்கொண்டு கோயிலில் உப்பும் மிளகும் சேர்ப்பார்கள். ஒரு கைப்பிடி சேர்ப்பார்கள். அரை மூட்டை உப்பு கேட்டவனைக் கடைக்காரர் அதுவரை பார்த்ததில்லை. மிளகு எவ்வளவு என்று தணிந்த குரலில் கேட்டார். மிளகு வேண்டாம் என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது. மிளகு வாங்கக்கூட வழியில்லை என்று நினைத்து, தன் கணக்கில் ஒரு பொட்டலம் போட்டுக் கொடுத்து, "அப்பாவுக்கு ஒண்ணும் ஆவாது, பெருமாள் பாத்துப்பாரு" என்றார்.

நான் உப்பைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வீடு சேர்வதற்குள் அப்பா மோசமான நிலையில் இருக்கிறார் என்று தெரு முழுக்கச் சேதி. சித்தப்பா சாத்துக்குடிப் பையோடு ஓடி வந்தார். உள்ளே அப்பா ஊஞ்சலில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். சித்தப்பாவின் முகத்தில் நிம்மதியும் ஏமாற்றமும் ஒரே சமயத்தில் வந்து, எது முதலில் போவது என்று தெரியாமல் நின்றன. பிறகு கொல்லைப் பக்கம் தட்டுகிற சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். சுவரில் ஹீட்டர் ஏறிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து அவருக்கு எங்கள் குளியலறைதான் கச்சேரி மேடை. ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். உள்ளே தண்ணீர் நிற்கிற பாத்திரம் எதனால் செய்தது என்று கேட்டார். செம்பு என்றேன். "செம்புன்னா விசேஷம்" என்று ஒத்துக்கொண்டார். அடுத்தது குழாயைக் காட்டி, உள்ளே வாஷர் என்ன என்றார். குழாய்க்குள் இருப்பது தோல். தோல் பட்ட தண்ணீர் பெருமாள் காரியத்துக்கு எந்த ஜென்மத்திலும் ஆகாது.

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் சித்தப்பா பக்கம் தலையாட்டினார். "அவன் சொல்றது நியாயம்தானே?"

இதுதான் என்னைப் பைத்தியம் பிடிக்க வைத்தது. யாருக்காக ஓடுகிறேனோ அவரே எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போடுகிறார். கோபமாகக் கேட்டதற்கு, "சந்தேகத்தோட உள்ளே போகமாட்டேண்டா" என்றார். அதோடு சரி. அதற்கு மேல் அவரிடம் வாதம் கிடையாது. ஆகவே ஹீட்டர் வெந்நீர் தருகிறதா என்பதல்ல பிரச்சினை. சித்தப்பாவின் வாயிலிருந்து ஆட்சேபணை தீர்ந்துபோனால்தான் அப்பாவுக்கு மார்கழி.

குழாயைக் கழற்றினோம். தோலை எடுத்துவிட்டு ரப்பர் வாஷர் போட்டோம். ரப்பர் எதிலிருந்து வருகிறது என்றார் சித்தப்பா. மரத்துப் பால் என்றேன். பால் என்றதும் ரப்பரையும் ஒத்துக்கொண்டார். பித்தளைக் குழாயை அம்மா புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினாள். ஹீட்டருக்கு மேலே தண்ணீர்த் தொட்டி வேண்டும் என்று எலெக்ட்ரீஷியன் சொன்னார். எங்களுடையது ஓட்டு வீடு, மேலே எதையும் வைக்க முடியாது. தொழிற்சாலையில் ஏலம் போட்ட பழைய இரும்பு ஆங்கிள்களை எடுத்து, ஆள் உயரத்துக்கு மேல் ஒரு ஸ்டாண்டு அடித்து, பெரியபாளையம் வழியாக மணல் ஏற்ற வருகிற லாரியில் போட்டுக் கொண்டுவந்து நிறுத்தினேன். அதற்கு மேல் புது டிரம். ஸ்கூட்டரில் சீட்டு போயிற்று, பெட்ரோல் டேங்க்கும் போயிற்று.

வெந்நீர் வந்தது. குழாயைத் திறந்ததும் ஆவியோடு கொட்டியது. அம்மா கையை நீட்டிப் பார்த்துச் சிரித்தாள். சித்தப்பா ஸ்டூலில் இருந்தபடியே சொன்னார்:

"தொறக்கற கை குளிக்காத கை. விழுப்பு. மூடற கை குளிச்ச கை. மடி. ரெண்டும் தொடறது ஒரே கொழாய். என்ன பண்ணுவே?"

எலெக்ட்ரீஷியன் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார். உண்மைதான். அப்பா குளிக்கப் போகும்போது விழுப்புக் கையால் குழாயைத் திறப்பார். குளித்து முடித்து அதே குழாயை மூடத் தொட்டால் மறுபடி விழுப்பு. மறுபடி குளிக்க வேண்டும். குளிக்கத் திறந்தால் மூட வேண்டும். மார்கழி முழுக்க அப்பா குளியலறையை விட்டு வெளியே வர முடியாது. மூடாமல் வந்தால் டிரம் காலி.

மறுநாள் ரயிலில் போகும்போதும் வரும்போதும் இதே யோசனை. மீஞ்சூர் பக்கத்தில் மண்டையில் பளிச்சென்றது. பக்கத்தில் இருந்தவரின் தொடையைத் தட்டிவிட்டேன்.

ஒரே குழாய்தானே வம்பு? இரண்டு வைத்தால்? ஒன்றுக்குப் பின்னால் ஒன்று. முதல் குழாய் விழுப்பு, இரண்டாவது மடி. மடிக் குழாய் எப்போதும் திறந்தே இருக்கும். அப்பா உள்ளே போய் விழுப்புக் குழாயைத் திறப்பார், தண்ணீர் இரண்டையும் தாண்டி வரும். குளித்து மடியானதும் மடிக் குழாயை மூடுவார், தண்ணீர் நிற்கும். அவர் போன பிறகு குளிக்காத நான் போய் விழுப்புக் குழாயை மூடுவேன். பிற்பாடு அம்மா சமையலுக்கு மடியாக இருக்கும்போது மடிக் குழாயைத் திறந்துவைப்பாள். மறுநாளைக்குத் தயார்.

எலெக்ட்ரீஷியனுக்கு மூன்று தடவை சொன்னேன். "ஒரு தண்ணிக்கு ரெண்டு பூட்டா? எந்த ஊர்லயும் பாத்ததில்ல சாமி. எனக்கு இன்னா, டப்பு குடுத்தா பத்து கூட மாட்டுவேன்." மாட்டினார். விழுப்புக் குழாயின் கைப்பிடிக்குக் கறுப்புப் பெயிண்ட், மடிக் குழாய்க்கு மஞ்சள். ஸ்கூட்டரில் இனி ஹாரன் மட்டும்தான் பாக்கி.

சித்தப்பா கறுப்பையும் மஞ்சளையும் மாறி மாறிப் பார்த்தார். விரலை மடக்கி, யார் எதைத் தொடுகிறார்கள் என்று கூட்டிக் கழித்தார். கணக்கு எங்கேயும் உதைக்கவில்லை. அப்புறம் ஸ்விட்சைப் பார்த்தார்.

"இதை யாரு போடுவா?"

நான்தான் என்றேன், படுக்கையிலிருந்து எழுந்த கையோடு.

"அப்ப உன் விழுப்பு கம்பி வழியா தீர்த்தத்துக்குப் போகாதோ?"

பாலிடெக்னிக்கில் யாரும் நடத்தாத பாடம் இது. கரண்டு போகிற கம்பியில் விழுப்பு போகுமா, போகாதா? நான் வாயைத் திறப்பதற்குள் ஊஞ்சலில் இருந்து அப்பா பேசினார்.

"தெருவிளக்கு போடறவன் குளிச்சுட்டா போடறான்? அந்த வெளிச்சத்துலதானே நீயும் நானும் கோயிலுக்குப் போறோம். போகாதுடா."

சித்தப்பாவுக்கு எதிராக அப்பா பேசியது அதுதான் முதல் தடவை. எனக்கு அப்போதுதான் புரிந்தது, மனுஷருக்கு இந்த மார்கழி எவ்வளவு வேண்டியிருக்கிறது என்று. இவ்வளவு நாளும் ஆசையைக் காட்டாமல் நியாயத்துக்கே தலையாட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

சித்தப்பா விடவில்லை. சரி, டிரம்மில் தண்ணீர் ஏற்றுவது யார்? கைப்பம்பு வைக்கலாம் என்று வாயெடுத்தேன். "பம்புக்குள்ள தோல் இருக்கு" என்றார். அதுவும் உண்மை. கயிறும் வாளியும்தான். இறைத்து, ஏணியில் ஏறி, டிரம்மில் கொட்ட வேண்டும். மடியான ஆள் செய்ய வேண்டும். அப்பாவால் முடியாது. அம்மாவை ஏணி ஏற்ற முடியாது. அப்புறம் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எலெக்ட்ரீஷியன்கூடப் பார்த்தார்.

இப்படியாக, வேலை முடிந்து ரயில் பிடித்து வீடு வந்ததும் நான் நேரே குளத்துக்குப் போக ஆரம்பித்தேன். கார்த்திகைக் குளிரில் பச்சைத்தண்ணீரில் ஒரு முழுக்கு. அமாவாசை கழிந்த மறுநாள் இன்னும் விசேஷம்; ஜனங்கள் வேண்டிக்கொண்டு கரைத்த வெல்லமெல்லாம் உடம்பில் ஒட்டிக்கொண்டு கரைக்கு வரும். வீட்டுக்கு வந்து மடிவேஷ்டி கட்டி, பல் தந்தியடிக்க வாளி வாளியாக இறைத்து ஏணி ஏறுவேன். தொழிற்சாலையில் பையன்கள் என் தும்மலைக் கேட்டு, "ஊட்ல ஹீட்டர் வாங்கிப் போட்டவன்தானே நீ?" என்று கேட்டுச் சிரிப்பார்கள்.

மார்கழிக்குச் சில நாளே இருந்தது. சித்தப்பாவிடம் கேள்வி தீர்ந்துவிட்டது போலிருந்தது, ஆனால் சரி என்று மட்டும் சொல்லவில்லை. கேட்டால், ஒரு தடவை தானே தீர்த்தமாடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல முடியும் என்றார்.

உள்ளே போனார். முதலில் சத்தமே இல்லை. அப்புறம் மெல்லப் பாசுரம் கேட்டது. ஒன்று முடிந்து இன்னொன்று. குரல் ஏறிக்கொண்டே போனது. குளத்தங்கரையில் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுப்பதைத்தான் நாங்கள் கேட்டிருக்கிறோம். இப்படி ராகம் இழுத்துக் கேட்டதே இல்லை. டிரம் காலியான பிறகுதான் வெளியே வந்தார். உடம்பிலிருந்து ஆவி பறந்தது. முகம் சிவந்து பத்து வயசு குறைந்திருந்தது.

என்ன சித்தப்பா, தோஷம் உண்டா என்றேன்.

"ஒரு நாள்ல என்னடா தெரியும்? நாளைக்கும் பார்க்கணும்."

மறுநாளும் பார்த்தார். அதற்கு மறுநாளும் பார்த்தார். எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்து ஒரு நாள் பார்த்தார், எண்ணெயோடு எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டுமாம். ஏணியில் எனக்குக் கால் வலி கண்டது. மார்கழிக்கு முந்தின நாளும் துண்டோடு வந்து நின்றார். அம்மா குளியலறை வாசலில் வந்து நின்றுகொண்டாள்.

"இன்னிக்கு டிரம்ல உங்க அண்ணாவுக்கு ஆகறது மட்டும்தான் இருக்கு. நாளைக்கு விடியற்காலம் அவர் போகலாமா கூடாதான்னு நீங்க சொல்லுங்கோ. போகலாம்னா இவன் தினம் ரெண்டு பேருக்கும் இறைப்பான். கூடாதுன்னா எனக்கெதுக்கு இது? கழட்டி வித்துடறேன்."

என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சித்தப்பா அம்மாவைப் பார்த்தார். உள்ளே சுவரில் வெள்ளையாக உட்கார்ந்திருந்த ஹீட்டரைப் பார்த்தார். வெளியே தூறிக்கொண்டிருந்தது. துண்டைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டார்.

"தோஷம் ஒண்ணும் தெரியலை மன்னி" என்றார்.

ஊஞ்சல் சங்கிலி ஒரு தடவை கிறீச்சிட்டது. அப்பா எழுந்து போய், மறுநாளுக்கு வேண்டிய வேஷ்டியைக் கூடத்துக் கொடியில் உலர்த்த ஆரம்பித்தார்.

மார்கழி முதல் நாள் விடியற்காலையில், கோயிலில் இருந்த பெரியவர் ஒருவர், கரண்டுத் தீர்த்தம் செல்லுமா என்று கேட்டாராம். "நானே அதுலதான் ஆடிட்டு வந்திருக்கேன், என்ன சொல்றேள்?" என்று சித்தப்பா ஒரு போடு போட்டாராம். அப்பா சன்னிதிக்குள் போனார். அந்த மாசம் முழுக்கப் போனார். இருமல் பாதி மாசத்திலேயே நின்றுவிட்டது. பனியில் அண்ணனும் தம்பியும் பளபளவென்று சேர்ந்து தெருவில் நடந்து போவதை, ஒரு போர்வைக்குள் சுருண்டுகொண்டு ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். பார்த்துவிட்டுப் போய்க் கறுப்புக் குழாயை மூடுவேன்.

தை பிறந்தது. அப்பா குளத்துக்குத் திரும்பிவிட்டார். சித்தப்பா திரும்பவில்லை. ஒரு நாள் சாயங்காலம் ஈர வேஷ்டியோடு ஏணியில் நின்றபடி, கீழே துண்டோடு காத்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டேவிட்டேன்: இவ்வளவு பிடித்திருக்கிறதே, உங்கள் வீட்டிலும் ஒன்று வாங்கிப் போட்டுவிடலாமே சித்தப்பா, நானே வந்து மாட்டித் தருகிறேன்.

அவர் அண்ணாந்து பார்த்தார். உண்மையாகவே வருத்தப்பட்டார்.

"மெஷின் வாங்கிடலாம்டா. தினம் குளத்துல முழுகிட்டு ஏணி ஏற ஒரு புள்ளைக்கு நான் எங்கே போவேன்? நீ ஊத்து, பேச்சுல கை நின்னுடப்போறது."